துணியில் தேறிய கத்தி

கைபேசியில் மச்சானின் குரல் முதன்முதலாக வந்தபோது நான் கட்டிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தேன். பனியன் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே வெட்டுக் கோடு வரைந்த மார்க்கர் பேப்பரைப் போட்டு, மெஷினை ஓட்ட ஆரம்பித்திருந்த நேரம். அந்த இரைச்சலில் யார் பேசுகிறார்கள் என்றே விளங்கவில்லை. "நானுங்க, குண்டடத்துல இருந்து" என்றதும் மெஷினை அப்படியே நிறுத்திவிட்டேன். பாதி வெட்டில் மெஷினை நிறுத்துகிறவனை வேறு நாளாக இருந்தால் நானே வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன். கழிவுத் துணி மூட்டைகள் கிடக்கிற பக்கமாக ஓடிப்போய், மூச்சு வாங்க, "சொல்லுங்க மச்சான்" என்றேன்.

குண்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடுதான் என் மனைவி பிறந்த இடம். நான் கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல்காட்டுக்காரன். பிழைக்க வந்த இடத்தில் ஒரே பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங்கில் அவள், துணி வெட்டுகிற கட்டிங்கில் நான். பார்த்தோம், பேசினோம், கட்டிக்கொண்டோம். வேறு ஊர், வேறு சாதி. அவளுடைய அப்பா சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. மகளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். சண்டைக்கு வருகிற ஆளை நான் சமாளித்துவிடுவேன், எனக்கும் வாய் இருக்கிறது. பேசாத ஆளை என்ன செய்வது? அவளுடைய அம்மா மட்டும் சந்தைக்கு வருகிற சாக்கில் எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் மகளைப் பார்த்துவிட்டுப் போவார். அப்படியே மூன்று வருஷம் போயிருந்தது.

"அடுத்த மாசம் காட்டுக் கோயில்ல கெடா வெட்டுங்க. ரெண்டு பேரும் வந்துருங்க" என்றார் மச்சான். "எங்க ஊட்டுல மாப்பிள்ளைதானுங்க கத்தி கொண்டாரோணும். நல்ல கத்தியாப் பாத்து எடுத்துட்டு வாங்க."

அந்தக் குடும்பத்தின் வழக்கம் அது. உடுமலைப்பேட்டையைத் தாண்டி, மலை அடிவாரத்தில், ஓடைக்கரையில் அவர்களுடைய குலசாமி இருக்கிறது. முன்காலத்தில் ஆண்கள் காட்டுக்குள் வேட்டைக்குப் போய், கிடைத்ததைக் கொண்டுவந்து சாமிக்குப் படைத்துவிட்டு, அங்கேயே பங்கு போட்டுச் சமைத்துச் சாப்பிடுவார்களாம். இப்போது காட்டுக்குள் முயலைத் தொட்டால்கூட ஃபாரஸ்ட்காரர்கள் உள்ளே வைத்துவிடுவார்கள். ஆகவே வேட்டை போய்க் கிடாய் வந்துவிட்டது. ஆனால் வேட்டைக்காலத்து முறை மாறவில்லை. கிடாயைப் பூசாரி அருவாளால் வெட்டுவார். அதற்குப் பிறகு தோலுரிப்பது, துண்டுபோடுவது, கூறு வைப்பது எல்லாம் அந்த வீட்டு மாப்பிள்ளை, தன் சொந்தக் கத்தியோடு வந்து செய்ய வேண்டும். இத்தனை வருஷமும் கூலிக்கு ஓர் ஆளை வைத்து ஒப்பேற்றினார்களாம். இப்போது என்னைக் கத்தி கொண்டுவரச் சொல்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம்? எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமா சொல்லித்தான் கூப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்பா ஒண்ணுஞ் சொல்லலீங்க" என்றார் மச்சான். "வேண்டாம்னுஞ் சொல்லலீங்க."

எனக்கு அது போதும். அன்று சாயங்காலம் நல்லூரில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மனைவியிடம் விஷயத்தைக் கொட்டினேன். அவள் அப்போது வேறொரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். நூறு பேர் இருக்கிற லைனில் ஒரு தையல் பிசகினாலும் அவளிடமிருந்து தப்பாது. வாய் அதிகம் பேச மாட்டாள், ஆனால் பேசினால் லைனே நிற்கும். நான் சொன்னதைக் கேட்டவள் சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"கத்தி நல்லா இருக்கோணுங்க" என்றாள். "எங்கப்பா ஆளைப் பாக்கமாட்டாரு. கையில என்ன வெச்சிருக்கறாங்கன்னுதான் பாப்பாரு."

அவ்வளவுதான், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, என் கல்யாணத்துக்கு வேட்டி எடுக்கக்கூட நான் அந்த அலைச்சல் அலைந்ததில்லை. ஷிப்ட் முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். முதலில் பாத்திரக் கடைகள். அங்கே இருந்ததெல்லாம் வெங்காயம் நறுக்குகிற கத்தி, பிளாஸ்டிக் பிடி, பளபளவென்று ஒரு சீலோபேன் உறை. அதைக் கொண்டுபோய் மாமனார் முன்னால் நீட்டினால் என்னை ஊறுகாய் போடச் சொல்லுவார். அடுத்தது எங்கள் தெரு முனையில் கறிக்கடை வைத்திருக்கிறவர். அவரிடமிருந்த கத்தியை விலைக்குக் கேட்டேன். பொண்டாட்டியைக் கேட்டாலும் கேள், கத்தியைக் கேட்காதே என்று சிரித்தார். சிரித்த வாயோடு யோசனை ஒன்றும் சொன்னார். காட்டில் கறியை வைத்து வெட்டக் கட்டை கிடைக்குமோ கிடைக்காதோ, கையில் பிடித்துக்கொண்டே வெட்ட வேண்டியிருக்கும், ஆகவே கைக்குப் பாந்தமாக இருக்கிற கத்தியாகப் பார் என்றார். நான் தலையைத் தலையை ஆட்டினேன். ஆட்டினேனே தவிர மண்டைக்குள் போகவில்லை.

ஏனென்றால் அன்றைக்கே நான் அந்தக் கமாண்டோ கத்தியைப் பார்த்துவிட்டேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், கால்குலேட்டரும் டார்ச்சும் கூலிங்கிளாசும் விற்கிற ஃபேன்சி கடை ஒன்று. கண்ணாடிப் பெட்டிக்குள் அது கிடந்தது. ஒரு பக்கம் கூர், முதுகுப் பக்கம் ரம்பப் பல், பச்சை உறை, பிடியின் குமிழைத் திருகினால் உள்ளே ஒரு காம்பஸ்! காம்பஸைக் கழற்றினால் பிடிக்குள்ளே தீக்குச்சி, மீன் தூண்டில் முள், ஊசி நூல் எல்லாம் இருந்தது. சைனா சரக்கு. கடைக்காரர் அதை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைக்க வைக்க எனக்கு வாயெல்லாம் பல். காட்டில் வழி தவறினால் காம்பஸ், பசித்தால் தூண்டில், குளிர்ந்தால் தீக்குச்சி. நான் போவதோ டெம்போ வேனில், அதுவும் ஐம்பது பேர் கூடுகிற இடத்துக்கு. அதெல்லாம் அப்போது யாருக்கு ஞாபகம் வருகிறது?

வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியின் முன்னால் ஒவ்வொரு சாமானாகக் கடை பரப்பினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள். அப்புறம் சமையற்கட்டிலிருந்து ஒரு தேங்காய் மூடியை எடுத்து என் கையில் கொடுத்து, இதை ரெண்டாகப் பிளந்து காட்டுங்கள் என்றாள். ஓங்கிப் போட்டேன். தேங்காய் மூடி அப்படியே இருந்தது. கத்தி அலகு மட்டும் தனியாகப் பறந்துபோய்த் தண்ணீர்க் குடத்தில் மோதி விழுந்தது. பிடி என் கையில், காம்பஸ் முள் வடக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் சிரித்த சிரிப்பு கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது என்பதும் அப்போதே உறைத்தது.

பிடிக்குள்ளே சாமான் வைக்க வேண்டுமென்றால் பிடி வெறும் குழாய்தானே. அலகின் வால் பிடி முழுவதும் ஓடினால்தான் ஓங்கிப் போடத் தாங்கும். இதை ஒரு கத்தியை உடைத்துத் தெரிந்துகொண்டேன். கடைக்காரரோடு மல்லுக்கட்டிப் பார்த்தேன், திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல்லடம் ரோட்டில் ஓர் இரும்புப் பட்டறைக்குப் போனேன். பழைய லாரிப் பட்டை ஸ்பிரிங்கை அடித்துக் கத்தியாக்குகிறவர். அவர் எடுத்துக் காட்டியது ஒரு சாண் நீளத்துக்குச் சற்று அதிகம், கறுப்பாக, கனமாக, முதுகு கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்குத் தடித்து இருந்தது. அலகின் இரும்பே பிடிக்குள்ளும் முழுசாக ஓடி, இரண்டு பக்கமும் கட்டை வைத்து ஆணி இறக்கியிருந்தது. இன்றைக்கு யாராவது காட்டுக்குக் கொண்டுபோகக் கத்தி எது வாங்கலாம் என்று என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அப்படி ஒன்றைத்தான் கைகாட்டுவேன். ரொம்பக் கூர்மை வேண்டியதில்லை, மழுங்கினால் ஓடைக்கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம். உடையாத கத்திதான் காட்டுக்குக் கத்தி. ஆனால் அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு பனியன் துணியை எடுத்தேன்.

என் தொழில் அப்படி. எந்த இரும்பைப் பார்த்தாலும் துணியில் வைத்து இழுத்துப் பார்க்காவிட்டால் எனக்குக் கை அரிக்கும். பனியன் துணி லேசில் மசியாது. இழுபடும், சுருளும், நழுவும். அதை இழை பிரியாமல் வெட்டுகிற கூர்தான் எங்களுக்குக் கூர். பட்டறைக்காரரின் கத்தியில் துணியைப் போட்டு இழுத்தேன். துணி கத்தியோடு கூடவே வந்தது, ஓரமெல்லாம் பிசிறு. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, துணி வெட்டுகிறதற்கு எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள், தையல் கடைக்குப் போயிருக்கலாமே என்றார். கிண்டலடித்தால் எனக்குப் பொறுக்காது. எங்கள் கட்டிங் மெஷினின் பிளேடு உங்கள் கத்தியை விட ஆயிரம் மடங்கு தேவலை என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தேன்.

உதைத்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே காதில் விழுந்தது. கட்டிங் மெஷின் பிளேடு! அடடா, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேனே. அந்த பிளேடு வெளிநாட்டு இரும்பு. மோட்டார் வேகத்தில் மேலும் கீழும் இறங்கி, அடுக்கு அடுக்காகத் துணியை வெட்டித் தள்ளுவது. தேய்ந்ததும் மாற்றிவிடுவோம், தேய்ந்ததென்றாலும் அதன் கூர் மற்ற இரும்புக்கு வராது. பல்லடம் ரோட்டிலிருந்து கம்பெனி வரைக்கும் நான் பைக் ஓட்டவில்லை, பறந்தேன்.

முதலாளியிடம் கேட்டேன். மாமனார் வீட்டுக்கா என்று கேட்டுவிட்டு, ஸ்டோரில் கிடந்த தேய்ந்த பிளேடுகளில் நல்லதாக ஒன்றை அவரே பொறுக்கிக் கொடுத்தார். தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து அளவாக வெட்டி, முனையைச் சாய்வாக எடுத்து, தேக்கங்கட்டையில் இரண்டு பக்கமும் பிடி வைத்து ரிவெட் அடித்தேன். பிடி முழுவதும் அலகின் வால் ஓடுகிறதா என்று நானே குனிந்து பார்த்தேன். ஒரு தரம் ஏமாந்தவனாயிற்றே. சாணைக்கல்லில் கூரேற்றியதையும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வேலை முடிந்து கையில் வாங்கியபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அழகு. மெல்லிசாக, வெள்ளையாக, பளிச்சென்று இருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மனைவியை எங்கள் கம்பெனிக்கு வரச்சொன்னேன். வெட்டு மிச்சத் துணிகளை உள்ளங்கை உயரத்துக்கு அடுக்கி, கிளிப் போட்டு, கத்தியை வைத்து இழுத்தேன். கெட்டித் தயிருக்குள் கரண்டி போகிற மாதிரி இறங்கிற்று. அவள் வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, செக்கிங் டேபிள் விளக்கடியில் வைத்து, ஓரத்தை விரலால் நீவி நீவிப் பார்த்தாள். ஓர் இழை பிரிந்திருக்கவில்லை. மேல் துண்டையும் அடித் துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அளந்தாள். பிறகு கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். கட்டிங் மாஸ்டரும் செக்கிங் சூப்பர்வைசரும் பாஸ் பண்ணிய கத்தி. இனி என்ன வேண்டும்? அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்று மட்டும் தோன்றவில்லை, சாமி கோயிலில் நாங்கள் வெட்டப்போவது பனியன் துணி அல்ல என்பது.

போகிற நாள் வந்தது. உடுமலைப்பேட்டை வரை பஸ்ஸில் போய், அங்கே மச்சான் அனுப்பிய டெம்போவில் ஏறினோம். தென்னந்தோப்புகள், காற்றாலைகள், அப்புறம் மலை. என் மனைவி வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். நானோ கத்தியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, டிரைவரிடம் ஓயாமல் கதை பேசிக்கொண்டு வந்தேன். பயத்தில்தான் பேசினேன். எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது.

கோயிலென்றால் கட்டடம் இல்லை. ஓடைக்கரையில் ஒரு பெரிய மருத மரம், அதன் அடியில் நட்ட கல், சுற்றிலும் வேல். வேனை விட்டு இறங்கியதும் பெண்கள் எல்லோரும் ஓடிவந்து என் மனைவியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவளுடைய அம்மா அவள் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். மாமனார் மரத்தடியில் நின்று கிடாய்க்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. அவள் அருகில் போய், "அப்பா" என்றாள். அவர் மாலையின் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினார். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அம்மாவிடம் திரும்பிப் போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. மகள் பக்கத்தில் வந்து கூப்பிடுகிறாள், அப்படி என்ன வீம்பு? ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்து மச்சான் என் தோளில் கை போட்டு ஓடைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

பூசை முடிந்தது, கிடாய் விழுந்தது, பக்கத்திலிருந்த வேப்பமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துணியைப் பிரித்துக் கத்தியை வெளியே எடுத்தேன். மாமனார் வந்தார். கையை நீட்டினார். கொடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், கட்டைவிரலைக் கூரின் குறுக்கே லேசாக வைத்துப் பார்த்தார், பிடியைத் தட்டிப் பார்த்தார். என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். வேண்டாமென்று சொல்லவில்லை! எனக்கு அப்போது கர்வம் காற்றாலை உயரத்துக்கு ஏறிவிட்டது.

தோலுரிக்க ஆரம்பித்தேன் பாருங்கள், கத்தி என்றால் அது கத்தி. தோலுக்கும் சதைக்கும் நடுவில் தானாகவே வழி கண்டுபிடித்துக்கொண்டு போயிற்று. ஓர் இடத்தில் தோல் கிழியவில்லை, ஓர் இடத்தில் சதை வீணாகவில்லை. சுற்றி நின்ற ஆண்கள் என்னைக் கேலி பண்ண வந்தவர்கள்தான். மாப்பிள்ளைக்கு பனியன் வெட்டத் தெரியும், கிடாய் வெட்டத் தெரியுமா என்று ஆரம்பித்தவர்கள், கொஞ்ச நேரத்தில் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். கத்தி எங்கே வாங்கினது என்று மனைவியின் சித்தப்பா கேட்டார். வாங்கவில்லை, நானே பண்ணினது என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், மாமனார் காதில் விழட்டும் என்று. அந்த வேகத்தில், தேக்கு இலைகளைப் பரப்பி, சதையை அரிந்து அரிந்து போட ஆரம்பித்தேன். இலைகளில் கறி குவிந்தது. எனக்குக் கொஞ்சம் நிதானம் தவறிவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பின்னந்தொடையை இடுப்போடு பிரிக்க வேண்டும். மூட்டுக்குள் முனையை விட்டேன். இறங்கியது, ஆனால் பிரியவில்லை. மணிக்கட்டை ஒரு திருகு திருகினேன்.

மெஷினில் அந்த பிளேடு வாழ்நாள் முழுவதும் மேலும் கீழும்தான் போயிருக்கிறது. பக்கவாட்டில் ஒரு விரல் அழுத்தம்கூட அது கண்டதில்லை. டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. என் கையில் பாதிக் கத்தி இருந்தது.

சாமி கல்லுக்கு முன்னால், மாப்பிள்ளை கொண்டுவந்த கத்தி, முதல் கிடாயிலேயே உடைந்துவிட்டது. சித்தப்பாதான் முதலில் வாய் திறந்தார். சகுனம் சரியில்லை, அன்னியர் கை பட்டால் இப்படித்தான் ஆகும் என்று, என்னைப் பார்க்காமல் கல்லைப் பார்த்துச் சொன்னார். வேறு நேரமாக இருந்தால் நான் பதிலுக்கு எகிறியிருப்பேன். போச்சு, எல்லாம் போச்சு என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. என்னைப் பற்றிக் கவலையில்லை. இவள் இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாதே.

அப்போதுதான் என் மனைவியின் குரல் கேட்டது. பெண்கள் பக்கமிருந்து புடவையை வரிந்துகொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"ஆரும் ஒண்ணையுந் தொடாதீங்க" என்றாள். "அப்படியே நில்லுங்க. அடுப்புப் பத்த வெக்காதீங்க."

அது மகளின் குரல் இல்லை. லைன் சூப்பர்வைசரின் குரல். எங்கள் கம்பெனிகளில் ஊசி உடைந்தால் என்ன நடக்கும் என்று அங்கே எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். டெய்லர் அந்த நிமிஷமே மெஷினை நிறுத்தி எழுந்துவிட வேண்டும். உடைந்த ஊசியின் ஒவ்வொரு துணுக்கும் கிடைத்து, எல்லாவற்றையும் சேர்த்து வைத்து முழு ஊசியாகக் காட்டினால்தான் புது ஊசி. கடுகளவு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றியிருக்கிற துணி ஒன்றுகூட நகரக்கூடாது. ஏதோ ஒரு நாட்டில், யாரோ ஒரு குழந்தை போட்டுக்கொள்ளப்போகிற சட்டை அது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் கொண்டுவந்த சட்டம்தான், ஆனால் அதற்குள் அவளுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது.

என் கையிலிருந்த பாதியை வாங்கி ஒரு சுத்தமான இலையில் வைத்தாள். கீழே மண்ணில் கிடந்த முனைத் துண்டை எடுத்து அதனோடு பொருத்தினாள். குனிந்து, கண்ணைச் சுருக்கி, உடைந்த இடத்தைப் பார்த்தாள். நடுவில் ஓர் அரிசியளவு இடைவெளி இருந்தது.

"ஒரு துணுக்கு கொறையுதுங்க" என்றாள் என்னிடம். மூட்டுக்குள் இருக்கலாம், இலையில் குவிந்த கறியில் இருக்கலாம். குழந்தைகள் பசியோடு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

எல்லோரும் ஒவ்வொரு துண்டாக எடுத்து, விரலால் நீவி, தண்ணீரில் அலசி, வேறு இலையில் போடச் சொன்னாள். நான் உடனே மண்டியிட்டேன். மச்சானும் உட்கார்ந்தார். பெண்கள் வந்தார்கள். கொஞ்ச நேரம் தேடினோம். கிடைக்கவில்லை. வெயில் ஏறியது. முணுமுணுப்பும் ஏறியது. மூட்டுப் பக்கத்துக் கறியை மட்டும் வீசிவிட்டு மிச்சத்தைச் சமைத்தால் என்ன, அரிசியளவு இரும்புக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்றார்கள். சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போனவள் வந்து நமக்கு உத்தரவு போடுகிறாளா, எழுந்திருங்கள், அடுப்பைப் பற்றவையுங்கள் என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். இரண்டு மூன்று பேர் அவரோடு எழுந்தார்கள். என் மனைவி தலையை நிமிர்த்தவில்லை. கையிலிருந்த துண்டை நீவிக்கொண்டே இருந்தாள். ஆனால் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் அந்தக் கறியின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

மாமனார் அதுவரை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு எதிரே, மண்ணில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எம்பட புள்ள தேடோணும்ங்குது" என்றார், தம்பியைப் பார்த்து. "தேடு."

குரலை உயர்த்தவில்லை. உரம் வாங்கிவா என்பது மாதிரிதான் சொன்னார். சித்தப்பா அப்படியே உட்கார்ந்தார். எழுந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். என் மனைவியின் கை ஒரு நொடி நின்றுவிட்டது. மூன்று வருஷமாக அவள் காது, என் பிள்ளை என்கிற அந்த ஒரு சொல்லுக்குத்தான் ஏங்கிக் கிடந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தால் அழுகை வெடித்துவிடும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால் இன்னொரு துண்டை எடுத்து நீவ ஆரம்பித்தாள். அப்பாவும் மகளும் ஒரே இலையில் கைவைத்துத் தேடினார்கள். அவ்வப்போது விரல்கள் இடித்துக்கொண்டன. இரண்டு பேரும் விரலை இழுத்துக்கொள்ளவில்லை.

மாமனார் இலையை விட்டு எழுந்து, தொங்கிக்கொண்டிருந்த தொடைக்குப் போனார். நான் திருகிய மூட்டைத் தன் கையாலேயே மடக்கி விரித்து, கிண்ணி மாதிரி இருக்கிற எலும்புக் குழிக்குள் சுண்டுவிரலை விட்டுத் துழாவினார். சட்டென்று முகத்தைச் சுளித்தார். விரலை வெளியே எடுத்தபோது நுனியில் ரத்தம், அதில் பளிச்சென்று ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, சிந்திவிடுமோ என்கிற மாதிரி மெதுவாக நடந்து மகளிடம் வந்தார்.

"இதானா, பாரு கண்ணு" என்றார்.

அவள் அதை எடுத்தாள். இரண்டு பாதிகளுக்கும் நடுவில் வைத்து, விரலால் மெல்லத் தள்ளினாள். பொருந்தியது. கத்தி முழுசாக இலையில் கிடந்தது. "செரியா இருக்குதுங்கப்பா" என்றாள்.

அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ரத்தம் வந்த விரலை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு சட்டியையும் அடுப்பையும் காட்டி, "போய்ப் பத்த வெய்யி" என்று மகளிடம் சொன்னார்.

அவள் எழுந்து அடுப்புப் பக்கம் போனாள். நான் இலையிலிருந்து தேக்கம்பிடியை எடுத்துக் கையாலாகாதவன் மாதிரி வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது. புகை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமென்றால், அடுப்பு இன்னும் பற்றவே இல்லை.